காதல் முறிவைத் தனி ஆல்பமாக்குவது எப்படி: வேலூர்ப் பக்கத்து நாட்டுப்புறப் பாடகர்களுக்கு முழுமையான வழிகாட்டி

சொந்தமாக எழுதி, சொந்தமாக மெட்டுக் கட்டி, ஒரு கிடாரையோ ஹார்மோனியத்தையோ வைத்துக்கொண்டு பாடுகிறவர்கள் வேலூர், குடியாத்தம், ஆரணி, திருப்பத்தூர் பக்கம் நிறையவே இருக்கிறார்கள். அவர்களில் பலருக்கு முதல் ஆல்பத்தின் பொருள் காதல் முறிவுதான். அந்த ஆல்பங்களில் பல பாதியிலேயே நின்றுபோவதையும் பார்த்து வருகிறேன். குரலோ பணமோ போதாமல் நிற்பது குறைவு. பெரும்பாலும் வேலையின் வரிசை மாறிப்போவதால்தான் நிற்கிறது. மைக்கை முதலில் வாங்குகிறார்கள், பாட்டைக் கடைசியில் எழுதுகிறார்கள். ஆகவே கீழே உள்ளவற்றை அதே வரிசையில் செய்யுங்கள். ஒவ்வொரு படிக்கும் காரணம் சொல்லியிருக்கிறேன். காரணம் உங்களுக்குப் பொருந்தவில்லை என்றால் மட்டும் படியை மாற்றுங்கள்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

இப்போதைக்கு ஒரு நோட்டு, ஒரு பேனா, குரலைப் பதிய ஒரு போன், நீங்கள் வாசிக்கும் ஒரு வாத்தியம். இவ்வளவு போதும். மைக், இன்டர்ஃபேஸ் (மைக்கை லேப்டாப்போடு இணைக்கும் பெட்டி) எதையும் வாங்க வேண்டாம். சாமான் வீட்டுக்கு வந்துவிட்டால் அதைப் பயன்படுத்திப் பார்க்கும் ஆசையில் அரைகுறைப் பாட்டைப் பதிவு செய்யத் தோன்றும். அப்படிப் பதிந்ததைப் பிறகு திருத்த மனம் வராது.

பிரிவு நடந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தால் எழுதுங்கள், தாராளமாக எழுதுங்கள். ஆனால் எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்ற முடிவை அப்போது எடுக்காதீர்கள். அந்த நேரத்தில் எல்லா வரியும் உண்மையாகத்தான் தெரியும். எழுதிய தேதியைப் போட்டு வைத்துவிட்டு, சில மாதம் கழித்து எடுத்துப் படியுங்கள். படிக்கும்போது இன்னும் அந்த ஆளுக்குப் பதில் சொல்லத் தோன்றினால், நோட்டை மூடி வையுங்கள். ஒரே ஒருவர் காதில் விழ வேண்டும் என்று எழுதிய பாட்டு வாக்குவாதமாகத்தான் இருக்கும். கேட்கிற மற்றவர்களுக்கு அதில் நுழைய இடம் இருக்காது.

2. யாரையும் அடையாளம் காட்டாமல் எழுதுவது

அகப்பாட்டில் ஒருவர் பெயரைச் சுட்டிச் சொல்லக்கூடாது என்பது தமிழில் மிகப் பழைய விதி. அதை அப்படியே கடைப்பிடியுங்கள். பெயர் மட்டுமல்ல, தெரு, வேலை பார்க்கும் இடம், கல்யாண மண்டபத்தின் பெயர் எதுவும் வேண்டாம். இங்கே ஊர் சின்னது. ஒரு பஸ் நம்பரையும் ஒரு தெருவையும் சேர்த்துச் சொன்னாலே யார் என்று கண்டுபிடித்துவிடுவார்கள். அந்த ஆளுக்கு இன்று வேறு குடும்பம், வேறு வாழ்க்கை இருக்கலாம். அதைக் கெடுக்கும் உரிமை நம் பாட்டுக்குக் கிடையாது.

எல்லாருக்கும் சொந்தமான இடங்களைத் தடையில்லாமல் வைக்கலாம். கோட்டை அகழி, காட்பாடி ரயில் நிலையம், பாலாற்றங்கரை, ஜவ்வாது மலையில் இருந்து வரும் பஸ். இவை யாரையும் காட்டிக்கொடுக்காது, பாட்டுக்கு மண்ணையும் கொடுக்கும்.

3. வரிகள்: சந்தம் முதலில், சொல் பிறகு

மெட்டு மனதில் வந்ததும் சொல்லைத் தேடாதீர்கள். முதலில் தத்தகாரமாகவே பாடிப் பதியுங்கள். ‘தன்னானே தானே னன்னே’ என்று நம் நடவுப் பாட்டுக்காரர்கள் தொடங்குவதில் பெரிய வசதி இருக்கிறது. எந்த இடத்தில் நெடில் வேண்டும், எங்கே மூச்சு எடுக்கலாம், எங்கே தாளம் விழுகிறது என்பதெல்லாம் சொல் வரும் முன்பே தெரிந்துவிடும். இதைத் தாண்டி நேராகச் சொல்லுக்குப் போகிறவர்கள் இழுக்க வேண்டிய இடத்தில் குறிலை வைத்துவிட்டு, பாடும்போது ‘வலி’யை ‘வலீ’ ஆக்குகிறார்கள்.

அடுத்தது பேச்சு. புதியவர்கள் அதிகமாகத் தடுக்கி விழுவது இங்கேதான். பேசுவது வேலூர்த் தமிழ், எழுதுவது சினிமாவில் கேட்ட மதுரைத் தமிழ் என்று ஆகிவிடுகிறது. வீட்டில் ‘சொல்லிகினு போனே’ என்கிற பிள்ளை, பாட்டில் ‘சொல்லிப்புட்டுப் போனியே’ என்று எழுதுகிறது. நாட்டுப்புறம் என்றால் தெற்கத்திப் பேச்சுத்தான் என்று எப்படியோ பதிந்துபோய்விட்டது. உங்கள் ஆயா எப்படிப் பேசுவாரோ அப்படி எழுதுங்கள். அழுகை வருகிற இடத்தில் நாக்கு தானாகச் சொந்தப் பேச்சுக்குத் திரும்பிவிடும். அங்கே மட்டும் வட ஆர்க்காடும் மற்ற வரிகளில் மதுரையும் இருந்தால் ஒட்டாது.

எழுத்துத் தமிழில் எழுதுவதும் சரிதான். ஆனால் ஒரு பாட்டுக்குள் ஒரே நடை இருக்கட்டும்.

மூன்றாவது, பொருள். ‘உன் நினைவு என்னை வாட்டுதே’ என்ற வரியை யார் வேண்டுமானாலும் எழுதலாம். ‘காட்பாடி பாலத்தாண்ட பஸ்சு நின்னா இன்னும் எட்டிப் பாத்துக்கினு கீறேன்’ என்று எழுதினால் கேட்கிறவருக்கு ஓர் ஆள், ஒரு ஜன்னல், ஒரு பழக்கம் எல்லாம் தெரிகிறது. துக்கத்தின் பெயரைச் சொல்லாமல், துக்கத்தில் இருக்கிறவர் கை என்ன செய்கிறது என்று சொல்லிப் பாருங்கள். இரண்டு தம்ளர் எடுத்து வைத்து ஒன்றைத் திரும்ப வைப்பது, போனில் அந்த எண்ணை வேறு பெயரில் மாற்றி வைப்பது, அந்தப் பக்கம் போகாமல் சுற்றிக்கொண்டு போவது.

ஒரு எச்சரிக்கை. வறண்ட பாலாற்றையும் வறண்ட மனசையும் சேர்த்து எழுதாதவர் இந்தப் பக்கம் இல்லை. அதை விட்டுவிடுங்கள். 2021 நவம்பரில் அதே ஆறு வெள்ளமாக ஓடியதைப் பாலத்தில் நின்று பார்த்தவர்கள் இங்கே ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். இத்தனை வருஷம் வராமல் இருந்துவிட்டு ஒரே இரவில் வந்து கரையை அடித்துக்கொண்டு போன ஆறு, காதல் முறிவுக்கு எவ்வளவோ நெருக்கமான பொருள்.

நான்காவது, யார் யாரிடம் பேசுகிறார்கள் என்பது. ஒவ்வொரு பாட்டின் மேலேயும் ‘நான், உன்னிடம்’, ‘நான், அம்மாவிடம்’, ‘அவள், என்னிடம்’ என்று குறித்து வையுங்கள். எட்டுப் பாட்டும் ‘நான், உன்னிடம்’ என்று இருந்தால் நான்காவது பாட்டிலேயே கேட்கிறவர் களைத்துவிடுவார். பிரிந்துபோனவரின் குரலில் ஒரு பாட்டாவது எழுதுங்கள், அதில் அவர் பக்க நியாயத்தை முழுமையாகச் சொல்லுங்கள். எழுதக் கஷ்டமான பாட்டு அது. பல ஆல்பங்களில் நன்றாக நிற்பதும் அந்தப் பாட்டுத்தான்.

ஒப்பாரி மெட்டு வேண்டும் என்று சிலர் ஊர்ப் பெரியம்மாக்களிடம் போகிறார்கள். போகலாம், ஆனால் வீட்டுக்குள் உட்கார்ந்து பாடச் சொல்லாதீர்கள். சாவு இல்லாத வீட்டில் ஒப்பாரி ஆகாது என்று நினைப்பவர்கள் அதிகம். வெளியே, அவர்கள் சொல்லும் இடத்தில், அவர்கள் விரும்பினால் மட்டும் கேளுங்கள். போனை எடுக்கும் முன்பே பதியலாமா என்று கேட்டுவிடுங்கள்.

4. கட்டையும் வேகமும்

வரி முடிந்ததும் ஒவ்வொரு பாட்டுக்கும் கட்டையை, அதாவது எந்தச் சுருதியில் பாடுவது என்பதை, முடிவு செய்யுங்கள். பொதுவாக ஆண் குரல் 1, 1½ கட்டையிலும், பெண் குரல் 5, 5½ கட்டையிலும் உட்காரும். இது தொடக்கத்துக்கான கணக்குத்தான். பாட்டின் உச்ச சுரத்தைப் பாடிப் பாருங்கள். அதற்கு மேல் இன்னும் ஒரு சுரம் உங்கள் குரலில் மிச்சம் இருக்க வேண்டும். மிச்சம் இல்லாத உச்சியில் உணர்ச்சி வராது, கத்தல்தான் வரும்.

கூத்து மேடையில் பாடிப் பழகியவர்கள் இதைக் கவனமாகச் செய்ய வேண்டும். திறந்த வெளியில் கடைசி வரிசை வரை கேட்கவேண்டும் என்று மேல் கட்டையில் பாடுவது அங்கே தேவை. மைக் ஒன்றரை அடியில் இருக்கும்போது அது தேவையில்லை. அரைக் கட்டையோ ஒரு கட்டையோ இறக்குங்கள். அதற்காக மிகவும் இறக்கினாலும் சிக்கல். சொல் தொண்டையிலேயே தங்கிவிடும்.

வேகத்தையும் இப்போதே எண்ணாக எழுதி வையுங்கள். போனில் மெட்ரோனோம் செயலி இலவசமாகவே கிடைக்கிறது. பிரிவு என்றாலே நிமிடத்துக்கு 60, 65 அடி என்று எல்லாரும் இழுக்கிறார்கள். பாதிப் பாட்டுக்கு மேல் அந்த வேகத்தில் இருக்க வேண்டாம். நாற்று நடும்போது பாடும் பாட்டுகளில் எவ்வளவோ துயரம் இருக்கிறது. கை ஓடும் வேகத்தில்தான் அவற்றைப் பாடுகிறார்கள், அதனால் துயரம் குறைந்துவிடவில்லை. 95, 100 அடியில் ஒரு பாட்டு, 120ஐத் தொடும் ஒரு பாட்டு இருந்தால் மெதுவான பாட்டுகளுக்கும் மதிப்புக் கூடும்.

5. பாடல் வரிசையைப் பதிவுக்கு முன்பே முடிவு செய்வது

வரிசையைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். எந்தப் பாட்டுக்குப் பிறகு எது வருகிறது என்று தெரிந்தால்தான் எதை மெல்லப் பாடுவது, எதில் வாத்தியம் சேர்ப்பது என்று தெரியும்.

பிரிந்த நாளில் தொடங்க வேண்டாம். அதற்கு முன்பு என்ன இருந்தது என்று தெரியாமல் பிரிவு யாருக்கும் வலிக்காது. முதல் பாட்டு 3 நிமிடத்துக்குள் முடியட்டும். கோபப் பாட்டை மூன்றாவதோ நான்காவதோ வையுங்கள். எதிர்த்தரப்பின் பாட்டு அதற்குப் பிறகு வந்தால் கோபத்தைத் திரும்பிப் பார்க்க வைக்கும். ஒரே கட்டையில் உள்ள இரண்டு மெதுவான பாட்டுகளை அடுத்தடுத்து வைக்காதீர்கள், இரண்டும் ஒன்றாகிவிடும். கடைசிப் பாட்டில் ஆறுதலைத் திணிக்க வேண்டிய அவசியமில்லை. உங்களுக்கு ஆறுதல் வந்திருந்தால் எழுதுங்கள், இல்லையென்றால் வராத இடத்திலேயே நிறுத்துங்கள்.

அளவு: ஏழு பாட்டோ அதற்கு மேலோ, அல்லது மொத்தம் 30 நிமிடத்துக்கு மேல் இருந்தால் ஸ்பாட்டிஃபை போன்ற தளங்கள் ஆல்பம் என்று எடுத்துக்கொள்ளும். நான்கு முதல் ஆறு பாட்டு, 30 நிமிடத்துக்குள் என்றால் இபி (குட்டி ஆல்பம்) என்று போடும். எண்ணிக்கைக்காகப் பாட்டைச் சேர்க்க வேண்டாம். நல்ல ஐந்து பாட்டு இபியாகப் போவதில் குறை ஒன்றும் இல்லை.

6. ஆட்கள் முன் பாடிக் காட்டுவது

பதிவுக்கு முன் முழு வரிசையையும் குறைந்தது இரண்டு முறை ஆட்கள் முன் பாடுங்கள். மேடை தேவையில்லை. மாடியில் நான்கு நண்பர்கள் போதும். ‘எப்படி இருக்கிறது’ என்று கேட்காதீர்கள். எல்லாரும் நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்வார்கள், அதுவும் உங்கள் கதை தெரிந்தவர்கள் கட்டாயம் சொல்வார்கள். அதற்குப் பதில், எந்தப் பாட்டில் போனை எடுத்தார்கள் என்று பாருங்கள். மறுநாள் எந்த வரி ஞாபகம் இருக்கிறது என்று கேளுங்கள். எந்த வரியும் ஞாபகம் இல்லாத பாட்டைத் திரும்ப எழுத வேண்டும், அல்லது எடுத்துவிட வேண்டும்.

உங்கள் கதை தெரியாத ஒருவராவது அங்கே இருக்கட்டும். மற்றவர்கள் உங்கள் முகத்தைப் பார்த்துக் கலங்குவார்கள். அவர் பாட்டை மட்டும்தான் கேட்பார்.

7. மாதம், நேரம், அறை

இனி பதிவுக்கான ஏற்பாடு. இந்த ஊரில் மாதத்தைத் தேர்ந்தெடுப்பதே பாதி வேலை.

சித்திரை, வைகாசியில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும். ஜன்னலைச் சாத்தி, மின்விசிறியை நிறுத்தி, அறைக்குள் ஒரு பாட்டை முழுதாகப் பாடுவது உடம்புக்கே ஆகாது. வெப்பத்தில் கிடாரின் கம்பி நீண்டு சுருதியும் இறங்கும். ஆடியில் அம்மன் கோயில் ஒலிபெருக்கி காலையிலிருந்து இரவு வரை. ஐப்பசி, கார்த்திகை மழையில் தோல் வாத்தியங்கள் தொய்ந்து குரல் மாறிவிடும். மார்கழி விடியற்காலையில் பாட்டு போடுவார்கள். மற்ற மாதங்களோடு ஒப்பிட்டால் தையும் மாசியும்தான் வசதி. காற்று உலர்ந்திருக்கும், இரவு குளிர்ச்சியாக இருக்கும், விசிறி இல்லாமல் உட்காரலாம். மாசியில் மயானக் கொள்ளையை ஒட்டிய நாட்களை மட்டும் விட்டுவிடுங்கள்.

நேரம், இரவு 11 மணிக்கு மேல். காட்பாடி பக்கம் இருப்பவர்களுக்கு இரவிலும் ரயில் உண்டு. சத்தத்தை நிறுத்த முடியாது, ஆனால் எந்த நேரத்தில் இடைவெளி விழுகிறது என்று சில இரவுகள் கேட்டுக் குறித்துக்கொள்ளலாம்.

சிலர் அமைதி தேடி ஏலகிரிக்குப் போய் அறை எடுக்கிறார்கள். அங்கே வண்டிச் சத்தம் இல்லை, சில்வண்டுச் சத்தம் இருக்கிறது. அது நம் பேச்சின் ‘ச’, ‘த’ ஒலிகள் தெளியும் அதே உயர்ந்த அதிர்வெண்களில் விழுவதால், பிறகு அதை வடிகட்டினால் சொல்லின் தெளிவும் சேர்ந்து போய்விடும். வண்டிச் சத்தத்தின் பெரும்பகுதி கீழ் அதிர்வெண்ணில் இருப்பதால் அதைக் குறைப்பதாவது ஓரளவு எளிது. அதனால் மலைக்குப் போவதைவிட ஊரிலேயே உள்ளறை ஒன்றைத் தேடுங்கள்.

அறை சின்னதாக, சாமான் நிறைந்ததாக இருக்கட்டும். காலி கான்கிரீட் அறையில் குரல் சுவரில் பட்டுத் திரும்பி எதிரொலிக்கும். பதிவோடு சேர்ந்துவிட்ட எதிரொலியைப் பிரித்து எடுக்க முடியாது. இலவம்பஞ்சு மெத்தையை உங்கள் முதுகுக்குப் பின்னால் நிறுத்துங்கள். புதியவர்கள் அதை மைக்குக்குப் பின்னால் வைக்கிறார்கள். மைக் உங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறது, ஆகவே உங்களுக்குப் பின்னால் உள்ள சுவரைத்தான் அதிகம் கேட்கும். பக்கங்களில் கம்பளியோ ரஜாயோ கொடியில் போடுங்கள். தரையில் ஜமக்காளம்.

ஃபிரிட்ஜை நிறுத்தினால் திரும்பப் போட மறக்காமல் இருக்க, அதன் மேல் வண்டிச் சாவியை வைத்துவிடுங்கள். லேப்டாப் சார்ஜரில் இருக்கும்போது சில வீடுகளில் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் வரும். சார்ஜரைக் கழற்றி பேட்டரியில் பதியுங்கள். மின்வெட்டும் அப்போது பாதிக்காது.

8. இப்போது சாமான் வாங்கலாம்

ஒரு மைக், இரண்டு உள்ளீடு உள்ள ஒரு ஆடியோ இன்டர்ஃபேஸ், காதை மூடும் ஹெட்ஃபோன், மைக் ஸ்டாண்டு, கேபிள், ‘ப’ போன்ற ஒலிகளின் காற்று மைக்கில் அடிக்காமல் தடுக்கும் பாப் ஃபில்டர். ஏற்கெனவே லேப்டாப் இருந்தால் மற்றதை 20,000 ரூபாய்க்குப் பக்கத்தில் முடிக்கலாம். பழைய சாமான் கிடைத்தால் இன்னும் குறையும்.

கண்டென்சர் மைக் நுணுக்கமாகக் கேட்கும், அறையின் சத்தத்தையும் சேர்த்துக் கேட்கும். அதற்கு இன்டர்ஃபேஸில் 48 வோல்ட் பொத்தானைப் போட வேண்டும். போடாமல் மைக் வேலை செய்யவில்லை என்று கடைக்குத் திருப்பி எடுத்துப்போகிறவர்கள் உண்டு. டைனமிக் மைக்குக்கு அந்த மின்சாரம் தேவையில்லை, அறைச் சத்தத்தையும் குறைவாக எடுக்கும். தெருவை ஒட்டிய வீடு என்றால் டைனமிக்கே நல்லது என்பது என் கருத்து. மேடையில் பார்க்கும் எஸ்எம்58 வகை மைக்கில் பதிந்த குரல் வீட்டுப் பதிவில் எவ்வளவோ நன்றாக வருகிறது.

மென்பொருளுக்கு ஆடாசிட்டி இலவசம். பல ட்ராக்குகளை வைத்து வேலை செய்ய ரீப்பர் வசதியாக இருக்கும்.

9. பதிவு

குரலையும் வாத்தியத்தையும் தனித்தனியாக எடுப்பதா, சேர்த்தே எடுப்பதா என்று கேட்பார்கள். சேர்த்தே எடுங்கள். ஒரு வரி முடிந்து அடுத்த வரிக்கு மூச்சு எடுக்கும்போது கை தானாகக் கொஞ்சம் காத்திருக்கும். பிரிவுப் பாட்டின் உயிர் அந்தக் காத்திருப்பில் இருக்கிறது. மெட்ரோனோமைக் காதில் மாட்டிக்கொண்டு கிடாரை மட்டும் முதலில் வாசித்தால் அது வராது. வேகத்தைப் பிடிக்கத் தொடக்கத்தில் நான்கு அடி கேட்டுவிட்டு நிறுத்திவிடுங்கள்.

சேர்த்துப் பதியும்போது ஒரே மைக்கை வாய்க்கும் வாத்தியத்துக்கும் நடுவே, ஒன்றரை அடியிலிருந்து இரண்டு அடி தூரத்தில் வையுங்கள். குரல் தூக்கலாக இருந்தால் மைக்கைக் கீழே இறக்குங்கள், வாத்தியம் தூக்கலாக இருந்தால் மேலே ஏற்றுங்கள். இப்படிப் பதிந்தால் பிறகு ஒரு சொல்லை மட்டும் மாற்ற முடியாது. அதனால்தான் முந்தைய படிகளில் அவ்வளவு நேரம் செலவிடச் சொன்னேன்.

மைக்கை உதட்டோடு ஒட்டி வைப்பது இன்னொரு தவறு. நெருங்க நெருங்கக் கீழ்ச் சுரங்கள் தடித்துக் கேட்கும். ஹெட்ஃபோனில் அது ஆழமான குரல் மாதிரி மயக்கும். ஆல்பம் முழுக்க அப்படிப் போனால் குகைக்குள் இருந்து பாடுவது போலாகிவிடும்.

அமைப்பு 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ், வேவ் ஃபைல். எம்பி3யில் பதியாதீர்கள். பாட்டின் மிகச் சத்தமான வரியைப் பாடி, உச்சம் மைனஸ் 12 டெசிபல் அருகில் நிற்கும்படி இன்டர்ஃபேஸில் கெய்னை (உள்ளே வரும் ஒலியின் அளவை) வையுங்கள். நாட்டுப்புறக் குரல் திடீரென்று ஏறும். சிவப்பைத் தொட்டு உடைந்த ஒலியைச் சரிசெய்ய வழியில்லை, குறைவாகப் பதிந்ததை ஏற்றிக்கொள்ளலாம்.

ஒவ்வொரு டேக்குக்கும் (ஒருமுறை பாடிப் பதிவதற்கும்) முன்னால் பாட்டின் பெயரையும் டேக் எண்ணையும் வாயால் சொல்லுங்கள். உட்காரும் ஒவ்வொரு முறையும் 30 விநாடி சும்மா இருந்து அறையின் அமைதியைப் பதிந்து வையுங்கள். இரண்டு டேக்குகளை ஒட்டும்போது நடுவில் வைக்க அது வேண்டும். முழு மௌனத்தை வைத்தால் அந்த இடத்தில் ஒலி அறுந்தது காதுக்குத் தெரியும்.

அழுகையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பாடும்போது அழுகை வரும், வரட்டும். ஆனால் அழுது முடித்த தொண்டை இறுகும், மூக்கு அடைக்கும், அன்றைக்கு அடுத்த பாட்டுகள் எல்லாம் வீண். ஆகவே கலக்கும் பாட்டை அன்றைய இரவின் கடைசியாக வையுங்கள். ஒரு பாட்டுக்கு ஓர் இரவில் மூன்று முழு டேக்குகளுக்கு மேல் வேண்டாம். நான்காவதில் நீங்கள் பாட்டை உணர்வதை விட்டுவிட்டு, முந்தைய டேக்கைப் போல நடிக்கத் தொடங்கிவிடுவீர்கள். டேக்கின் நடுவே குரல் உடைந்தால் நிறுத்தாமல் முடியுங்கள். சொல் புரிந்தால் அந்த டேக்கை வைத்துக்கொள்ளலாம். புரியவில்லை என்றால், உங்களுக்கு எவ்வளவு அருமையாக இருந்தாலும், வேறு டேக்கை எடுங்கள்.

தூங்கப் போகும் முன் அன்றைய ஃபைல்களை இன்னோர் இடத்தில் பிரதி எடுத்துவிடுங்கள்.

10. பக்க வாத்தியம்

தனி ஆல்பத்துக்கு இது கட்டாயமில்லை. ஒன்றிரண்டு பாட்டில் மட்டும் வேண்டுமானால், இந்த மண்ணின் ஓசையையே கேளுங்கள். கூத்தில் வாசிக்கும் முகவீணை, பம்பை, உடுக்கை, பறை.

பங்குனி முதல் ஆடி வரை பாரதக் கூத்தும் அம்மன் திருவிழாக்களும் வரிசையாக இருக்கும். அந்த மாதங்களில் நல்ல கலைஞர் கிடைக்கமாட்டார், கிடைத்தாலும் இரவெல்லாம் விழித்த களைப்பில் வருவார். தையிலேயே நாள் கேட்டு வையுங்கள். முகவீணையை மூன்று நான்கு அடி தள்ளி வைத்துப் பதியுங்கள், பக்கத்தில் வைத்தால் காதைக் கிழிக்கும். அதன் சுருதி நிலையானது, பாட்டின் கட்டைக்கு ஏற்ப மாற்ற முடியாது. எனவே உங்கள் கட்டையை முதலில் சொல்லிவிட்டுப் பேசுங்கள். பறையைத் தீயில் காய்ச்சிச் சுருதி ஏற்ற வெளியிடமும் நேரமும் ஒதுக்குங்கள். காய்ச்சிய பறை கொஞ்ச நேரத்தில் இறங்கிவிடும், ஆகவே மைக்கை முன்பே தயாராக வைத்திருங்கள்.

அண்ணன், மாமா என்று உறவுமுறை சொல்லி அழைத்தாலும் கூலியை வேலைக்கு முன்பே பேசி, அன்றைக்கே கொடுத்துவிடுங்கள். போக்குவரத்தும் சாப்பாடும் தனி.

11. தேர்ந்தெடுப்பும் மிக்ஸிங்கும்

பதிவு முடிந்து ஒரு வாரம் எதையும் கேட்காதீர்கள். பதிந்த இரவின் நினைவு மங்கிய பிறகுதான் டேக்கை மட்டும் கேட்க முடியும்.

குரல் ட்ராக்கில் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டுங்கள். அங்கே குரல் இல்லை, தரை அதிர்வும் வண்டி உறுமலும்தான் இருக்கும். ஆழ்ந்த ஆண் குரல் என்றால் வெட்டியபின் ஒருமுறை கேட்டுச் சரிபாருங்கள். சத்தத்தின் ஏற்ற இறக்கத்தைக் குறைக்கும் கம்ப்ரஷனை லேசாகப் போடுங்கள். எதிரொலியைச் சிறிது சேர்க்கலாம். எவ்வளவு போதும் என்று தோன்றுகிறதோ அதில் பாதியாகக் குறையுங்கள். சுருதியைத் தானாகத் திருத்தும் ஆட்டோடியூன் வேண்டாம். நம் பாட்டுகளில் சுரத்துக்கும் சுரத்துக்கும் நடுவே வழுக்கிப் போகும் இடங்களை அது தவறு என்று எடுத்துக்கொண்டு நேராக்கிவிடும். மூச்சுச் சத்தத்தையும் மொத்தமாக அழிக்காதீர்கள்.

ஹெட்ஃபோனில் முடித்ததைப் போன் ஸ்பீக்கரிலும் ஒரு மலிவான ப்ளூடூத் ஸ்பீக்கரிலும் கேளுங்கள். பெரும்பாலோர் அதில்தான் கேட்கப்போகிறார்கள். சொல் தெளியவில்லை என்றால் குரலை ஏற்றுங்கள். மாஸ்டரிங்கில், அதாவது வெளியீட்டுக்கு முந்தைய கடைசி ஒலிச் சீரமைப்பில், மைனஸ் 14 லஃப்ஸ் (காதுக்குக் கேட்கும் சராசரிச் சத்தத்தின் அலகு) அளவும், உச்சம் மைனஸ் 1 டெசிபலும் போதும். அதைவிடச் சத்தமாகக் கொடுத்தாலும் ஸ்பாட்டிஃபை போன்ற தளங்கள் தாங்களே இறக்கிவிடும். நீங்கள் நசுக்கியது மட்டும் மிஞ்சும்.

12. உரிமையும் வெளியீடும்

நீங்கள் எழுதிய வரி, மெட்டு இரண்டும் எழுதிய கணத்திலேயே உங்களுக்குச் சொந்தம். இந்தியச் சட்டப்படி உங்கள் ஆயுள் முழுவதும், அதன் பிறகு 60 ஆண்டும் அந்த உரிமை இருக்கும். பழைய நடவுப் பாட்டையோ தாலாட்டையோ எடுத்தாண்டால் ‘மரபுப் பாடல்’ என்று போடுங்கள். கற்றுக்கொடுத்தவர் பெயரைப் போடலாமா என்று அவரிடம் கேட்டு, சம்மதித்தால் ஊரோடு சேர்த்துப் போடுங்கள். ‘பாடல்: நான்’ என்று மட்டும் போட்டுக்கொள்வது திருட்டு. வேறொருவர் பதிந்து வெளியிட்ட ஒலியை வெட்டிச் சேர்ப்பதற்கு, பாட்டு மரபுப் பாட்டாகவே இருந்தாலும், அனுமதி வேண்டும்.

வரியும் மெட்டும் உங்களுடையது என்றால் எழுதியவர்களுக்கும் இசையமைத்தவர்களுக்கும் ராயல்டி வசூலித்துத் தரும் ஐபிஆர்எஸ் அமைப்பில் உறுப்பினராகிப் பாட்டுகளைப் பதிவு செய்யுங்கள். விநியோக நிறுவனம் தருவது ஒலிப்பதிவுக்கான பணம். எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் வரவேண்டிய ராயல்டி வேறு வழியில் வருகிறது. இந்த இரண்டையும் ஒன்று என்று நினைத்து, இரண்டாவதை விட்டுவிடுகிறவர்கள் அதிகம்.

டிஸ்ட்ரோகிட், டியூன்கோர் போன்ற விநியோகத் தளம் ஒன்றின் வழியாகத்தான் ஸ்பாட்டிஃபை, ஆப்பிள் மியூசிக், ஜியோசாவன் ஆகியவற்றுக்குப் போக முடியும். ஒப்பந்தத்தில், சந்தா நிறுத்தினால் பாட்டு இறங்கிவிடுமா என்பதைப் படித்துவிட்டுச் சேருங்கள். ஒவ்வொரு பாட்டுக்கும் அந்தப் பதிவை அடையாளம் காட்டும், எழுத்தும் எண்ணுமாக மொத்தம் 12 இடம் கொண்ட ஐஎஸ்ஆர்சி குறியீட்டைப் பெரும்பாலும் அவர்களே கொடுப்பார்கள். அதைத் தனியாக எழுதி வையுங்கள். நாளை வேறு நிறுவனத்துக்கு மாறினால் அதே குறியீட்டைக் கொடுத்தால்தான் பழைய கேட்பு எண்ணிக்கை தொடரும். அட்டைப் படம் 3000க்கு 3000 பிக்சல் சதுரம். பிரிந்தவரின் பழைய போட்டோ, முதுகு மட்டும் தெரிந்தாலும், வேண்டாம்.

வெளியீட்டுத் தேதியை நான்கு வாரம் தள்ளி வையுங்கள். தளங்கள் சரிபார்க்க நேரம் வேண்டும். ஸ்பாட்டிஃபையின் பட்டியல்களுக்குப் பரிந்துரைப்பதை வெளியீட்டுக்குக் குறைந்தது 7 நாள் முன்பே செய்ய வேண்டும். அந்த இடைவெளியில் பாடல் தலைப்புகளின் எழுத்துப்பிழை, வாத்தியக்காரர்களின் பெயர், முதலெழுத்து, ஊர் எல்லாவற்றையும் அவர்களிடமே போனில் வாசித்துக் காட்டிச் சரிபாருங்கள். வெளியான பிறகு ஒரு பெயரைத் திருத்த ஒவ்வொரு தளமும் தனித்தனியாக நாள் எடுக்கும். அதற்குள் அவர் தன் ஊரில் எல்லாருக்கும் அந்தப் பக்கத்தைக் காட்டியிருப்பார்.